பன்னிரண்டாவது ஊசி

மூன்று சுழி ணகரத்துக்கும் இரண்டு சுழி னகரத்துக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுழி. கணம் கனமாவதும், பணி பனியாவதும் அந்தச் சுழியின் கையில் இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி அதைவிடச் சிறியது. காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடோ அடியில் சாய்ந்திறங்கும் ஒரு கோடு மட்டுமே. பிழை திருத்துபவரின் நாளெல்லாம் இந்தச் சுழி, புள்ளி, கோடு ஆகியவற்றைச் சுற்றியே கழிகிறது. கணினித் திரையின் அளவு பற்றி எழுத இலக்கிய வாசகர்களாகிய எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பழைய சிற்றிதழ்களைத் தட்டெழுதி மின்வடிவில் சேமிக்கும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். ஒருவர் தட்டெழுதுவார். இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிடுவார். மூன்றாவதாகவும் முடிவாகவும் பார்ப்பவர், ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்த ஒரு பெரியவர். அவரை ஐயா என்றே அழைக்கிறோம்; பெயர் போடுவதை அவர் விரும்பமாட்டார். கேஸிலிருந்து எழுத்தெடுத்து ஸ்டிக்கில் அடுக்கி, தலைகீழாகவும் கண்ணாடியில் விழுந்த பிம்பம் போலவும் தெரியும் வரிகளைப் படித்தே பிழை கண்டவர். காகிதத்தில் ஏறிய பிறகு பார்ப்பதற்குப் பிழை திருத்துவது என்று பெயரில்லை, வருத்தப்படுவது என்று பெயர் என்பார்.

ஐயா கணினிக்கு வந்தது படக்குழாய்த் திரைகளின் காலத்தில். பின்புறம் ஓர் இரும்புப் பெட்டிபோல் நீண்டு, மேசையின் பாதியை எடுத்துக்கொண்ட அந்த 15 அங்குலத் திரைகளை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். அவற்றில் எழுத்து நிலையாக நிற்பதில்லை. ஓர் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழ்வரை வரிவரியாக ஓடி, பாஸ்பர் பூச்சை ஒளிரவைக்கும்; ஒளிர்ந்த இடம் உடனே மங்கத் தொடங்கும்; மங்குவதற்குள் கற்றை மீண்டும் வந்தாக வேண்டும். வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதுதான் ரெஃப்ரெஷ் ரேட் எனப்படும் புதுப்பிப்பு வீதம். 60 முறை என்றால் பலருக்குத் திரை துடிப்பது தெரியும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நேர்ப்பார்வையைவிடக் கடைக்கண் பார்வைதான் துடிப்பை விரைவில் உணரும். பிழை திருத்துபவரோ இடப்பக்கம் மூல இதழையும் வலப்பக்கம் திரையையும் வைத்துக்கொண்டு, பாதி நேரம் காகிதத்தையே பார்க்கிறவர். அப்போது திரை அவருடைய கடைக்கண்ணில் துடித்துக்கொண்டே இருக்கும். மாலையில் தலைவலி என்று ஐயா எழுந்துபோன நாட்கள் பல.

வீதத்தை 85-க்கு உயர்த்தினால் துடிப்பு அடங்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. 800-க்கு 600 என்ற அளவில் 85 முறை புதுப்பிக்க, கற்றை வினாடிக்கு ஏறத்தாழ 53,700 வரிகள் ஓட வேண்டும். 1024-க்கு 768 என்றால் அதுவே ஏறத்தாழ 68,700 வரிகள். விலை மலிந்த திரைகளுக்கு அந்த ஓட்டம் முடியாது. ஆகவே சிறிய எழுத்தும் துடிப்பும், அல்லது பெரிய எழுத்தும் அமைதியும் என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். லினக்ஸில் இந்த எண்களை ஓர் அமைப்புக் கோப்பில் கைப்பட எழுத வேண்டியிருந்த காலமும் உண்டு. தவறான எண் திரையையே பழுதாக்கிவிடலாம் என்ற எச்சரிக்கையோடு அந்தக் கையேடுகள் தொடங்கும். மருந்துப் புட்டியின் மேலுள்ள வாசகங்களைப்போல அதைப் படித்துவிட்டுத் தொடங்குவோம்.

தட்டைத் திரைகள் வந்ததும் துடிப்புத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது. எல்சிடி திரையில் புள்ளி மங்குவதில்லை. அடுத்த ஆணை வரும்வரை தன் நிலையில் நிற்கும். 60 முறையே எழுத்து வேலைக்குத் தாராளம். ஆனால் பழைய திரையிடம் இருந்த ஒரு தாராள குணம் புதியதிடம் இல்லை. படக்குழாய்த் திரை எந்த அளவில் படம் அனுப்பினாலும் தன்னால் இயன்றதைக் காட்டும். எல்சிடியிலோ புள்ளிகள் எண்ணி அடுக்கப்பட்டிருக்கின்றன. 1920-க்கு 1080 என்று அடுக்கியிருந்தால் அந்த அளவில் மட்டுமே எழுத்து எழுத்தாக இருக்கும். வேறு எந்த அளவு வந்தாலும் அது நீட்டப்படும். நீட்டினால் கலங்கும்.

2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் மேசைக் கணினியின் மின்வழங்கி பழுதாயிற்று. பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்து வாங்கினோம். பெட்டியோடு அனுப்பிய பழைய கேபிள் அங்கே எங்கோ போய்விட, கடைக்காரர் புதியதாக ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பளபளவென்று நன்றாகவே இருந்தது. கணினியும் ஓடியது, படமும் வந்தது. அந்த வாரம் எங்களில் யாரும் திரையின்முன் அதிக நேரம் உட்காரவில்லை. ஐயாதான் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் அவர் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பிகளா, இனிமே இது நம்மால ஆகாது. சுழி ரெண்டா மூணான்னு தெரியலை. கண்ணுல மறுபடி புரை விழுந்திருக்கு. வேற ஆளப் பாத்துக்குங்க."

இரு கண்களிலும் புரை நீக்கிக்கொண்டவர் அவர். எழுபதைத் தாண்டிய ஒருவர் கண் போயிற்று என்று சொன்னால், அதை மறுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. அவரும் மறுப்பை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அன்று காலைதான் அவர் மங்கிய மூல இதழிலிருந்து, தூள்தூளாக உதிரும் தாளிலிருந்து, ஒரு விடுபட்ட புள்ளியைக் காட்டியிருந்தார். காகிதத்தில் தெரிகிற புள்ளி திரையில் மட்டும் மறைவானேன்? "ஐயா, ஒரு நாள் பொறுங்கள்" என்றோம்.

திரையில் எல்லா எழுத்துகளும் சற்றே குண்டாக இருந்தன. டகரம் அகன்று ஒரு திண்ணைபோல் படுத்திருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 1024-க்கு 768 என்று இருந்தது. அதற்குமேல் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. திரையோ 1920-க்கு 1080. அதாவது கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளியையும் திரை கிடைமட்டத்தில் 1.875 மடங்கும், செங்குத்தில் 1.406 மடங்கும் இழுக்க வேண்டும். முழு எண்ணாக இருந்தால்கூடப் போகட்டும், ஒரு புள்ளியை இரண்டாக்கலாம். 1.406 புள்ளியை எப்படி வரைவது? பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சாம்பல் நிறமாகத்தான் வரையலாம். ஆங்கில எழுத்துக்கு இது பெரிய இழப்பில்லை என்று நினைக்கிறோம். நேர்க்கோடுகளால் ஆன எழுத்து தப்பித்துவிடும். வளைவுகளால் ஆன நம் எழுத்துக்கோ சுழிகளின் உள்வெளியே அடைந்துபோகிறது. மெய்ப்புள்ளி சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்குபோல் எழுத்தின் தலையில் ஒட்டிக்கிடந்தது.

இம்மாதிரிச் சமயத்தில் பலரும் முதலில் கிராபிக்ஸ் டிரைவரைக் குறை சொல்வார்கள். அது நியாயமான ஐயமே. டிரைவர் சரியாக ஏறாவிட்டாலும் இதே போன்ற குறுகிய பட்டியல்தான் வரும். ஆனால் எதையும் அழித்து நிறுவுவதற்குமுன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதே திரையையும் அதே கேபிளையும் இன்னொரு கணினியில் மாட்டிப் பார்ப்பது. எங்களில் ஒருவருடைய விண்டோஸ் மடிக்கணினியில் மாட்டினோம். அங்கும் 1024-க்கு 768. திரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்றிருந்தது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் என்று பொருள். இரண்டு கணினிகள், இரண்டு டிரைவர்கள், ஒரே விடை. கணினி குற்றவாளியல்ல என்பது ஐந்து நிமிடத்தில் தெளிவாயிற்று.

கணினி திரையைப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் இல்லை. திரை தன்னைப் பற்றி அனுப்பும் ஓர் அறிமுகக் குறிப்பைப் படித்துத்தான் எவ்வளவு பெரிய படம் அனுப்பலாம், வினாடிக்கு எத்தனை முறை அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறது. இடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பை வெசா அமைப்பு 1994-இல் வகுத்தது. அடிப்படைக் குறிப்பின் நீளம் 128 பைட். நாம் எழுதும் ஒரு குறுஞ்செய்தி அளவு. முதல் 8 பைட்டுகள் மாறாத முத்திரை: முதலும் கடைசியும் சுழியம், நடுவிலுள்ள ஆறும் 255. பிறகு செய்தவரைக் குறிக்கும் மூன்றெழுத்து, செய்த ஆண்டு, சென்டிமீட்டரில் அகல உயரம், வண்ணங்களின் இயல்பு, தனக்கு மிக உகந்த அளவும் வீதமும். ஆண்டை முழுதாக எழுதாமல் 1990-ஐக் கழித்து எழுதும் அளவுக்குச் சிக்கனம். கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு எண். 128-ஐயும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் குறிப்பு கறைபட்டது என்று கணினி ஐயுறும். இந்தச் சிக்கனத்தால் விளைந்த வேடிக்கைகளும் உண்டு. குறிப்பின் ஒரு பகுதியில் அகலத்தை எட்டால் வகுத்தே எழுத முடியும். 1366 எட்டால் வகுபடாது. பல மலிவான திரைகளின் அகலம் 1366 ஆக இருந்தும் கணினிகள் 1360 என்றோ 1368 என்றோ அடம்பிடித்ததற்கு இத்தகைய கணக்குகளே காரணம்.

குறிப்பே வரவில்லை என்றால்? எல்லாத் திரைக்கும் பொதுவாகப் பொருந்தும் என்று நம்பப்படும் ஓர் அளவைக் கணினி தானே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒரு கைரேகை: 1024-க்கு 768, 800-க்கு 600, 848-க்கு 480, 640-க்கு 480. இந்த நான்கை மட்டும், அதிலும் யாரும் கேள்விப்படாத அந்த 848-ஐ, எக்ஸ்ரேண்டர் கட்டளையின் விடையில் கண்டால் குறிப்பு வந்துசேரவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், கெர்னல் தான் பெற்ற குறிப்பை ஒரு கோப்பாகவே வைத்திருக்கிறது. பட்டியலில் அந்தக் கோப்பின் அளவு எப்போதும் 0 என்றே காட்டும், அதை நம்பக்கூடாது. உள்ளே படித்து எண்ண வேண்டும். நாங்கள் எண்ணினோம். உண்மையிலேயே 0.

திரையிலிருந்து புறப்பட்டதா, வழியில் தொலைந்ததா? படம் வருகிறதே, வழி சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அங்குதான் விஜிஏ இணைப்பின் சூட்சுமம் இருக்கிறது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அந்த இணைப்பில் மூன்று வரிசையாக 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் முதல் மூன்றில் போகின்றன. வரி எங்கே தொடங்குகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற இரண்டு சைகைகள் 13, 14-இல் போகின்றன. படம் வர இவையும், இவற்றுக்கான தரைக்கம்பிகளும் போதும். அறிமுகக் குறிப்பு போவது 12-ஆவது ஊசியிலும், அதற்குத் தாளம் போடுவது 15-ஆவது ஊசியிலும். இவ்விரண்டும் இல்லாவிட்டாலும் படம் குறைவின்றி வரும். யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது மட்டும் படத்துக்குத் தெரியாது.

கேபிளைக் கழற்றி முனையைப் பார்த்தோம். சில துளைகளில் ஊசி இல்லை. எது எத்தனையாவது என்று அறிய ஒரு வரைபடத்தை அச்சிட்டு வைத்திருந்தோம். ஆனால் அது கணினியின் பக்கத்துத் துளைகளைக் காட்டும் படம். கையிலிருந்தது கேபிளின் முனை. இடம் வலமாக, வலம் இடமாக இருக்கும். நாங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐயா தம் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அருகில் வந்தார். "இதுல என்ன குழப்பம்? அச்சும் காயிதமும் மாதிரி" என்று முனையை விளக்கின்கீழ் பிடித்து, வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். "ஒம்பது இல்ல. பதினொண்ணு இல்ல. பன்னெண்டு இல்ல. பதிமூணு, பதினாலு இருக்கு. பதினஞ்சு இல்ல. நாலு பல்லு காலி."

9-உம் 11-உம் இல்லாதது பல கேபிள்களில் வழக்கம், அதனால் கேடில்லை. 12-உம் 15-உம் இல்லாததுதான் செய்தி. உடைந்து விழுந்த சுவடில்லை. செய்யும்போதே செப்பு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். "அப்ப, கண்ணு இல்லையா?" என்று ஐயா கேட்டார். "கேபிள், ஐயா" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உருப்பெருக்கியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கண் மருத்துவரிடம் முன்பதிவு செய்திருந்த நாளுக்கு அவர் போனாரா என்று நாங்கள் கேட்கவுமில்லை.

அன்று மாலை கடைகள் மூடியிருந்ததால் குறிப்பு இல்லாமலே கணினிக்கு அளவைக் கையால் சொல்லிப் பார்த்தோம். சிவிடி என்றொரு கட்டளை, விரும்பிய அளவைக் கொடுத்தால் அதற்குரிய கால அட்டவணையைக் கணக்கிட்டுத் தரும். 1920, 1080, 60 என்று கொடுத்தால் வினாடிக்கு 17.3 கோடிப் புள்ளிகள் என்று சொல்லும். அதை எக்ஸ்ரேண்டரில் புதிய அளவாகச் சேர்த்து ஏற்றினோம். எழுத்து கூர்மையாயிற்று, ஆனால் இடப்பக்க ஓரம் வெட்டுப்பட்டது. விஜிஏ வழியாக வரும் படத்தைத் திரை வரிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் வைத்துத்தான் இன்ன அளவு என்று ஊகிக்கிறது. பழக்கமில்லாத அட்டவணை வந்தால் ஊகம் பிசகலாம். தொலைக்காட்சி உலகில் நிலைபெற்ற 14.85 கோடிப் புள்ளிகளின் அட்டவணையை ஏற்றியபோது, அதாவது ஓரத்து வெற்றிடங்களையும் சேர்த்து 2200-க்கு 1125 என்ற கணக்கில், திரை தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் நேராக நின்றது. இந்த ஏற்பாடு கணினியை மறுபடி தொடங்கினால் அழிந்துவிடும். வேலண்ட் முறையில் ஓடும் இன்றைய லினக்ஸ் கணினிகளில் இந்த வழியே செல்லாது. கெர்னலின் தொடக்க வரியில் சொல்ல வேண்டும். ஊசி உள்ள கேபிளை வாங்குவதே உத்தமம். மறுநாள் வாங்கினோம். முனையை உருப்பெருக்கியில் பார்த்த பிறகே ஐயா பணம் கொடுக்கவிட்டார்.

கேபிள் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றில்லை. இரண்டு கணினிகளுக்கு ஒரே திரையைப் பொதுவாக்கும் மாற்றுப்பெட்டிகள், விஜிஏ-எச்டிஎம்ஐ மாற்றிகள், ஒரே படத்தை இரண்டாகப் பிரிக்கும் கருவிகள் என்று நடுவில் எது நின்றாலும் குறிப்பை விழுங்கக்கூடும். தன் குறிப்பையே திரையின் குறிப்பாகக் கொடுத்துவிடவும் கூடும். நடுவில் நிற்பதை நீக்கி நேராக இணைத்துப் பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: 60 என்று தேர்ந்தெடுத்தும் விண்டோஸ் 59 என்று காட்டுவதைக் கண்டு கலங்கும் நண்பர்கள் உண்டு. அது பழுதல்ல. அமெரிக்க மின்சாரத்தின் 60 சுழற்சியை ஒட்டி அந்நாட்டுத் தொலைக்காட்சி பிறந்தது. 1953-இல் வண்ணத்துக்கு இடம் கொடுக்க அதை 59.94 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சிறு குறைப்பு இன்றும் எண்களில் நிழலாடுகிறது.

சென்ற ஆண்டு எங்களில் பக்க வடிவமைப்புச் செய்பவர் 3840-க்கு 2160 அளவுள்ள திரையொன்று வாங்கினார். எழுத்து கல்வெட்டுபோல் நின்றது. ஆனால் சுட்டி தள்ளாடியது. பக்கத்தை உருட்டினால் வரிகள் தடுக்கி விழுந்தன. இங்கே குறிப்பு ஒழுங்காக வந்திருந்தது. தடை வேறிடத்தில். அந்த அளவில் 60 முறை அனுப்ப வினாடிக்கு 59.4 கோடிப் புள்ளிகள் போக வேண்டும். அவருடைய பழைய கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வாயில் 34 கோடிக்குமேல் விடாது. ஆகவே 29.7 கோடியில், அதாவது 30 முறையில், கணினி அமைதியாகச் சமரசம் செய்துகொண்டிருந்தது. 2560-க்கு 1440 என்று இறக்கினால் 60 முறை கிடைக்கும். ஆனால் நீட்டலும் கலங்கலும் திரும்பி வரும். அவருக்கு வேகம் வேண்டும், கணினியை மாற்ற அப்போது பணமில்லை. தெளிவா, வேகமா என்று பழைய படக்குழாய்க் காலத்துக் கேள்வியே வேறு வேடத்தில் வந்து நின்றது.

ஐயா பக்கத்தை உருட்டுவதே இல்லை. ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு ஒரே தட்டில் அடுத்த பக்கம் போகிறவர். 30 முறை என்பது அவருக்கு ஒரு குறையாகப் படவேயில்லை. வடிவமைப்பு நண்பர் எங்கள் பழைய திரையை எடுத்துக்கொண்டு, புதிய திரையையும் பழைய கணினியையும் அவருக்குக் கொடுத்தார். எழுத்தின் உருவத்தை 200 விழுக்காடாக்கி வைத்தோம். அவர் 250 கேட்டார். வைத்தோம். 1970-களின் இதழொன்றில் இப்போது நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறார். மூலத்திலேயே புள்ளி விடுபட்டிருந்தால் அதை நாம் போடலாமா, இருந்தபடியே விட்டுவிடலாமா என்ற தகராறு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.